வரப்போகும் சரக்கும் காத்திருக்கும் வாடிக்கையாளரும்



அரிசி, பருப்பு, வரி, விலைவாசி என்று பேச வேண்டிய ஏட்டில் வீடியோ கேம் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். பிள்ளைகள் விளையாட்டு என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல் கடைசி வரை படிக்கும்படி வேண்டுகிறேன். நம் கல்லாவுக்கும் நம் பெயருக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

எனக்குப் போளூரில் மளிகை மொத்த வியாபாரம். வாரம் ஒரு முறை ஜவ்வாது மலைக்கு லைன் வண்டி ஏறும். ஜமுனாமரத்தூரில் எனக்கு வாடிக்கையான சில்லறைக் கடை ஒன்று உண்டு. மளிகையோடு ஒரு மூலையில் செல்போன் ரீசார்ஜும் நடக்கிறது. கடைக்காரர் என்னைவிட இளையவர். என்னை அண்ணா என்பார்.

2023 செப்டம்பரில் நான் போனபோது, அந்தக் கடை வாசலில் ஏழெட்டுப் பையன்கள் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். தூணில் ஓர் அட்டை தொங்கியது. "செப்டம்பர் 5 அன்று ஃப்ரீ ஃபயர் இந்தியா. டைமண்ட் முன்பதிவு இங்கே" என்று கையால் எழுதியிருந்தது. டைமண்ட் என்பது அந்த விளையாட்டுக்குள் செலவு செய்யும் காசு. விளையாட்டு வெளியாகும் அன்றே போட்டுத் தருகிறேன் என்று ஆளுக்கு 100, 200 என்று முன்பணம் வாங்கி, அந்தப் பணத்தை எண்ணெய் டின்னில் போட்டுவிட்டார் நம் கடைக்காரர்.

செப்டம்பர் 5 வந்தது. விளையாட்டு வரவில்லை. "அண்ணா, வந்துச்சா?" என்று பையன்கள் தினமும் கேட்டார்கள். பிறகு, "அண்ணா, காசாவது குடு" என்றார்கள். அதற்கடுத்த வாரம் ஒரு பாட்டி வந்தார். வருடந்தோறும் சாமையும் புளியும் அந்தக் கடையில்தான் போடுபவர். "கம்பெனி எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுப்பா. தேதி சொன்னது நீதானே?" என்றார். அந்த முறை அவர் வீட்டுப் புளி எதிர்க்கடைக்குப் போயிற்று.

வராத சரக்குக்கு ஏன் பணம் வாங்கினாய் என்று நான் கடைக்காரரைக் கடிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்களும் அடுத்த லைன்ல வந்துடும்னு சொல்லிட்டுத்தானே அண்ணா போறீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியின் பயனாகப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே பாடமாகத் தருகிறேன்.

இதை நாம் ஏன் படிக்க வேண்டும்?

வீடியோ கேம் வியாபாரத்தில் சரக்கு வருவதற்கு முன்பே, சில சமயம் பல வருடங்களுக்கு முன்பே, அறிவிப்பு வந்துவிடும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, டி.வி.யோடு இணைத்து விளையாடும் பெட்டி. அதைக் கன்சோல் என்பார்கள். 90களில் பர்மா பஜாரில் வாங்கிவந்து மரியோ ஆடினோமே, அந்த வகை. மற்றொன்று, அதில் ஓடும் விளையாட்டு. ஒரு விளையாட்டு வெற்றி பெற்றால், சினிமாவைப் போலவே அடுத்த பாகம் வருகிறது என்பார்கள். 1996இல் வந்த 'இந்தியன்' படத்துக்கு இரண்டாம் பாகம் 2024இல் வந்ததே, அதுபோன்ற காத்திருப்பு அங்கே சர்வ சாதாரணம்.

நம் கடையில் ஒரு வாடிக்கையாளர் வருத்தப்பட்டால் வாய் திறக்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். காரணம் நமக்குத் தெரியாது. விளையாட்டுப் பிரியர்கள் அப்படியல்ல. மகிழ்ச்சியோ கோபமோ, உலகம் கேட்கச் சொல்லிவிடுவார்கள். ஆகவே, காத்திருக்கும் வாடிக்கையாளரின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்களிடம் தெளிவாகப் பார்க்கலாம்.

நம் நாட்டிலேயே நடந்ததைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. அந்த நவம்பரிலேயே இந்தியாவுக்கென்று தனி விளையாட்டு வரும் என்று அறிவிப்பு வெளியாயிற்று. ஆனால் தேதி சொல்லவில்லை. 2021 மே 18 அன்று முன்பதிவு தொடங்கியதும், இரண்டே வாரத்தில் 2 கோடிப் பேர் பதிந்ததாக கிராஃப்டன் நிறுவனம் தெரிவித்தது. 2021 ஜூலை 2 அன்று ஆண்ட்ராய்டு போன்களுக்கு அந்த விளையாட்டு வந்தது. 2022 ஜூலையில் மீண்டும் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது.

ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. சிங்கப்பூரைச் சேர்ந்த கரீனா நிறுவனம், 2023 செப்டம்பர் 5 அன்று ஃப்ரீ ஃபயர் இந்தியா வெளியாகும் என்று ஆகஸ்டு கடைசியில் அறிவித்தது. கிரிக்கெட் வீரர் தோனியே அதற்கு விளம்பர முகம். முதல் நாள், செப்டம்பர் 4 அன்று, சில வாரங்கள் தள்ளிவைப்பதாகச் சொன்னது. அந்த வருடம் முடிந்தது. 2024ஆம் ஆண்டும் முழுதாகக் கழிந்தது. விளையாட்டு வரவில்லை.

தேதி குறித்தவர் சிங்கப்பூரில் இருந்தார். அந்தத் தேதியை அட்டையில் எழுதித் தொங்கவிட்டவர் ஜமுனாமரத்தூரில் இருந்தார். பாட்டி யாரிடம் கேட்பார்?

பாடம் 1: நாளைய சரக்கு இன்றைய சரக்கைக் கொல்லும்

இந்தப் பாடத்துக்கு நம் மாவட்டத்தோடு தொடர்பு உண்டு. ஆடம் ஆஸ்போர்ன் என்பவர் 1939இல் பாங்காக்கில் பிறந்த ஆங்கிலேயர். அவர் தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதியவர். ஆடம் தம் சிறுவயதைக் கழித்தது திருவண்ணாமலையில். பிறகு இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனார்.

1981இல் அவர் ஆஸ்போர்ன் 1 என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். விலை 1,795 டாலர். எடை ஏறக்குறைய 11 கிலோ, திரை 5 அங்குலம். கைப்பிடி போட்ட பெட்டியைப் போல மூடித் தூக்கிச் செல்லலாம். தேவையான மென்பொருள்களையும் அதே விலையில் சேர்த்துக் கொடுத்தார். சரக்கு அமோகமாக விற்றது. உச்சத்தில் மாதம் 10,000 பெட்டிகள் வரை போயின.

1983 தொடக்கத்தில், இதைவிடப் பெரிய திரையுள்ள அடுத்த பெட்டி தயாராகிறது என்ற செய்தியைக் கம்பெனியே வெளியே விட்டது. புதியது வரப்போகிறது என்றால் பழையதை யார் வாங்குவார்? டீலர்கள் ஆர்டர்களை நிறுத்தினார்கள். பழைய சரக்கு தேங்கியது. புதிய சரக்கு போதிய அளவில் வந்து சேரவில்லை. 1983 செப்டம்பரில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. பெரிய திரையோடு போட்டிக்கு வந்த கேய்ப்ரோ, நிர்வாகக் குறைபாடுகள் என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும், முன்கூட்டிய அறிவிப்பால் கையிருப்பு விலை போகாமல் நிற்பதற்கு இன்று வரை உலகம் முழுவதும் 'ஆஸ்போர்ன் விளைவு' என்றே பெயர். அவர் 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

நம் கடைக்கு வருவோம். போன வருடப் புளி பத்து மூட்டை கிடக்கிறது. பேச்சுவாக்கில், "அடுத்த வாரம் புதுப் புளி வருதுங்க" என்று சொல்லிவிடுகிறோம். இரண்டு கிலோ வாங்க வந்தவர் கால் கிலோவோடு போய்விடுவார். புதுப் புளி ஒரு மாதம் தாமதமானால், அந்த ஒரு மாதமும் பழைய புளி கறுத்துக்கொண்டே போகும். யாரும் நம்மை ஏமாற்றவில்லை. நம் வாயே நம் சரக்கை நிறுத்திவிட்டது. இருப்பைக் கணக்குப் பார்த்து, அதைத் தள்ளிய பிறகுதான் புதுச் சரக்கைப் பற்றி வாய் திறக்க வேண்டும்.

பாடம் 2: கடைக்காரரை விட்டுவிட்ட கம்பெனி

இது நம்மைப் போன்ற வியாபாரிகளைப் பற்றிய பாடம். குறிப்பாக மொத்த வியாபாரிகள் கவனிக்க வேண்டும்.

1995இல் ஜப்பானின் சேகா நிறுவனம், தன் சாட்டர்ன் என்ற பெட்டி செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் என்று அறிவித்திருந்தது. போட்டிக்கு சோனியின் பிளேஸ்டேஷன் அதே மாதம் வர இருந்தது. சோனியை முந்த நினைத்த சேகா, மே 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சி மேடையில் திடீர் அறிவிப்புச் செய்தது. சாட்டர்ன் ஏற்கெனவே கடைகளுக்குப் போய்விட்டது, விலை 399 டாலர், இன்றே வாங்கலாம் என்றது.

கேட்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் சரக்கு போனது நான்கு கடைத் தொடர்களுக்கு மட்டுமே. செப்டம்பரை நம்பி இடம் ஒதுக்கி, பணம் ஒதுக்கிக் காத்திருந்த மற்ற கடைக்காரர்களுக்கு ஒரு பெட்டிகூட இல்லை. பொம்மைக் கடைத் தொடரான கேபி டாய்ஸ் கோபம் கொண்டு, இனி சேகா சரக்கையே விற்க மாட்டோம் என்று அலமாரியைக் காலி செய்தது. விளையாட்டுகளைத் தயாரிப்பவர்களும் செப்டம்பரைக் கணக்கு வைத்தே வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே பெட்டி வந்தபோது அதில் ஆடுவதற்குப் போதிய விளையாட்டுகள் இல்லை.

அதே கண்காட்சியில் சோனியின் பிரதிநிதி மேடை ஏறி, "299" என்று விலையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அரங்கம் கைதட்டியது. 100 டாலர் மலிவு, அதிலும் சொன்ன மாதத்தில் சரக்கு. சாட்டர்ன் அமெரிக்காவில் எழுந்திருக்கவே இல்லை. 2001இல் சேகா பெட்டி தயாரிப்பதையே கைவிட்டது.

தேதியைத் தள்ளிப்போட்டால்தான் தவறு என்று நினைக்கிறோம். சொன்ன தேதிக்கு முன்பே, சிலருக்கு மட்டும் கொடுப்பதும் வாக்குத் தவறுவதுதான். தீபாவளிக்கு முன் எண்ணெய் தட்டுப்பாடாகும்போது, பெரிய கடைகளுக்கு இரவோடு இரவாக இறக்கிவிட்டு மலைக் கடைகளுக்கு, "ஸ்டாக் இல்லை" என்று சொல்லும் மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். மலையில் இருப்பவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். கீழிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் வாங்கிவந்த பாக்கெட்டே அவருக்குச் சொல்லிவிடும்.

பாடம் 3: பொறுத்த வாடிக்கையாளருக்குக் கெட்ட சரக்கு

போலந்து நாட்டுக் கம்பெனி ஒன்று 2012இல் சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டை அறிவித்தது. 2020 ஏப்ரலில் வரும் என்றார்கள். செப்டம்பருக்குத் தள்ளினார்கள். பிறகு நவம்பர், அதற்குப் பிறகு டிசம்பர் 10. ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். ஆயினும் பொறுத்தார்கள். 80 லட்சம் பேர் முன்பணம் கட்டி வைத்திருந்தார்கள்.

டிசம்பர் 10 அன்று விளையாட்டு வந்தது. பழைய வகைப் பெட்டிகளில் அது ஒழுங்காக ஓடவில்லை. பாதியில் நின்றது, படம் சிதறியது. மேலும் தள்ளிப்போட முடியாது என்று, வேலை முடியாத சரக்கையே இறக்கிவிட்டார்கள். எட்டு வருடம் பொறுத்தவர்கள் எட்டு நாள்கூடப் பொறுக்கவில்லை. வெளியான சில தினங்களிலேயே சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலை ஏற்பட்டது. 2021 ஜூனில்தான் அந்த விளையாட்டு மறுபடி அங்கே இடம் பிடித்தது.

கதை அதோடு முடியவில்லை. அந்தக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. விற்று முடித்த சரக்குதானே என்று விட்டுவிடாமல் மேலும் பல மாதங்கள் உழைத்துச் சரி செய்தது. 2023 செப்டம்பரில் பெரிய திருத்தம் வெளியானபோது, திட்டியவர்களே பாராட்டினார்கள். போன பெயர் திரும்ப ஏறக்குறைய மூன்று வருடம் பிடித்தது.

தாமதத்தை வாடிக்கையாளர் மறந்துவிடுவார். காத்திருந்து வாங்கிய சரக்கு கெட்டிருந்தால் மறக்கமாட்டார். நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காக ஈரப் பருப்பையும் வண்டு விழுந்த ரவையையும் கட்டிக் கொடுப்பதைவிட, "இன்னும் நாலு நாள் ஆகுங்க" என்று சொல்வதே லாபம்.

பாடம் 4: வாங்கிய சரக்குக்குப் புதிய நிபந்தனை

2013 மே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியை அறிவித்தது. பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இன்டர்நெட்டில் இணைய வேண்டும், பழைய விளையாட்டுத் தட்டுகளைக் கைமாற்றவும் இரவல் கொடுக்கவும் கட்டுப்பாடு உண்டு என்றது. காசு கொடுத்து வாங்கிய சரக்கை நண்பனுக்குக் கொடுக்க உன் அனுமதி எதற்கு என்று வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். ஜூன் 10 அன்று சோனி, தன் பெட்டியில் அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை, விலையும் 100 டாலர் குறைவு என்றது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் தன் நிபந்தனைகளை வாபஸ் வாங்கியது. ஆனால் அந்தச் சில வாரங்களில் போன வாடிக்கை முழுதாகத் திரும்பவில்லை.

கோபத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டது நல்லதுதான். முதலிலேயே நாலு வாடிக்கையாளரிடம் கேட்டிருந்தால் இன்னும் நல்லது. "இனிமேல் 500 ரூபாய்க்குக் கீழே கடன் இல்லை", "காலி டின் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று நாம் போர்டு எழுதும் முன் இதை நினைக்க வேண்டும்.

பாடம் 5: கையில் வந்த பிறகு தேதி

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் மூன்று நான்கு பேர் சேர்ந்து நடத்தும் சின்னஞ்சிறு கம்பெனி டீம் செர்ரி. ஹாலோ நைட் என்ற விளையாட்டால் பெயர் பெற்றவர்கள். அதன் அடுத்த பாகமான சில்க்சாங் வருகிறது என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். பிறகு பல வருடம் பேச்சே குறைவு. எந்த விளையாட்டுக் கண்காட்சி நடந்தாலும், இன்றாவது சில்க்சாங் தேதி வருமா என்று ரசிகர்கள் கேட்பது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது.

2025 ஆகஸ்டு 21 அன்று தேதி சொன்னார்கள். இரண்டே வாரத்தில், செப்டம்பர் 4 அன்று வெளியாகும் என்று. சொன்னபடி வந்தது. கூட்டம் தாங்காமல் பெரிய பெரிய இணையக் கடைகளே அன்று சிறிது நேரம் முடங்கின. தேதி கேட்டவுடனே மற்ற சில சிறு தயாரிப்பாளர்கள் தங்கள் விளையாட்டுகளைத் தள்ளிவைத்துக்கொண்டார்கள்.

இவர்களும் முதலில் ஒரு தவறு செய்தார்கள். ஆறரை வருடத்துக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். ஆனால் சரக்கு தயாராகும் வரை உறுதியான தேதி கொடுத்துவிட்டு மாற்றும் வேலையை வைத்துக்கொள்ளவில்லை.

பெரியவர்கள் கதையையும் பார்ப்போம். ஜிடிஏ 5 என்ற விளையாட்டு 2013 செப்டம்பரில் வந்து 20 கோடிக்கு மேல் விற்றது. அதன் அடுத்த பாகத்துக்கு 2023 டிசம்பரில் முன்னோட்டம் காட்டி, 2025இல் வரும் என்றார்கள். 2025 மே மாதம், அது 2026 மே 26க்குப் போயிற்று. 2025 நவம்பரில், 2026 நவம்பர் 19 என்று மறுபடி மாற்றினார்கள். கம்பெனிப் பங்கு விலை இறங்கியது. மன்னிப்பும் கேட்டார்கள். அத்தனை பெரிய கம்பெனி இரண்டு முறை தேதி மாற்றினால் தாங்கும். ஒரே தெருவில் மூன்று கடை இருக்கும் ஊரில் நாம் தாங்குவோமா?

காத்திருப்பது நம் மலைக்குப் புதிதல்ல. காவலூர் வானாய்வகத்தில் பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று பாடுபட்ட விஞ்ஞானி வேணு பாப்பு 1982இலேயே மறைந்தார். அது 1986 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. தாமதமானது என்று இன்று அதை யாரும் குறை சொல்வதில்லை.

பாடம் 6: குறைந்த சரக்கை யாருக்குக் கொடுப்பது?

பிளேஸ்டேஷன் 5 பெட்டி 2020 நவம்பரில் பல நாடுகளில் வந்தது. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்றுதான் வந்தது. விலை 49,990 ரூபாய். ஜனவரி 12 அன்று முன்பதிவு திறந்தார்கள். சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்தது. வாங்கியவர்களில் சிலர் அதிக விலைக்குக் கைமாற்றினார்கள். உண்மையில் விளையாட விரும்பியவர் வெறுங்கையோடு நின்றார்.

நின்டெண்டோ நிறுவனம் 2025இல் தன் ஸ்விட்ச் 2 பெட்டிக்கு வேறு வழி செய்தது. ஜப்பானில் தன் சொந்த இணையக் கடையில் குலுக்கல் வைத்தது. பழைய பெட்டியில் குறைந்தது 50 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும், ஒரு வருடமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று விதித்தது. அதாவது, பழைய வாடிக்கையாளருக்கே முதலிடம். அப்படியும் ஏறக்குறைய 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதல் குலுக்கலில் பலருக்குக் கிடைக்காது என்று, குலுக்கலுக்கு முன்பே நிறுவனத் தலைவர் வெளிப்படையாகச் சொல்லி வருத்தம் தெரிவித்தார். ஏமாற்றம் இருந்தது. ஆனால் முதுகில் குத்தினார்கள் என்ற பேச்சு எழ இடமில்லை.

கடன் நோட்டில் பத்து வருடமாகப் பெயர் உள்ளவரை ஒதுக்கி, கூடுதல் விலை தருகிற வழிப்போக்கருக்குச் சரக்கைக் கொடுத்தால் அன்றைய கல்லா நிறையும். அடுத்த வருடக் கல்லா குறையும்.

நம் கடைக்கு என்ன செய்ய வேண்டும்?

1. சரக்கு நம் கிடங்கில் இறங்கும் வரை தேதி சொல்லக் கூடாது. கேட்டால், "ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்தவுடன் சொல்கிறேன்" என்பது போதும். சொன்னபடி சொல்லியும் அனுப்ப வேண்டும்.

2. கம்பெனி கொடுத்த தேதியை நம் தேதியாக எழுதக் கூடாது. வாடிக்கையாளருக்குக் கம்பெனியின் முகம் தெரியாது, நம் முகம்தான் தெரியும்.

3. நம் கையில் இல்லாத சரக்குக்கு முன்பணம் வாங்காதிருப்பது உத்தமம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் துண்டுச் சீட்டு கொடுத்து, எந்தத் தேதிக்குள் வராவிட்டால் பணம் திரும்பும் என்பதை அதிலேயே எழுத வேண்டும். அந்தப் பணத்தைக் கொள்முதலில் போடாமல் தனியே வைக்க வேண்டும். அது நம் பணமல்ல.

4. தாமதம் என்று தெரிந்த அன்றே நாமே போய்ச் சொல்ல வேண்டும். அவர் வந்து கேட்ட பிறகு சொல்லும் காரணம் சாக்குப்போக்காகவே காதில் விழும்.

5. பழைய இருப்பைத் தள்ளாமல் புதுச் சரக்கை விளம்பரம் செய்யக் கூடாது.

6. சரக்கு குறைவென்றால் எத்தனை, யாருக்கு முதலில் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளின்படி, கொடுக்க வாய்ப்பில்லாத சரக்கைக் காட்டி ஆளை இழுக்கக் கூடாது. இருப்பு குறைவென்றால் அதை விளம்பரத்திலேயே தெரிவிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள சரக்கைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பாததும் நியாயமற்ற வணிக நடைமுறை. ரீசார்ஜ் வியாபாரம் செய்யும் அன்பர்களுக்கு இன்னொன்று. நான் இங்கே சொன்னவை பணம் வைத்து ஆடாத விளையாட்டுகள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அவற்றுக்காக ஒரு ரூபாயும் வாங்காதீர்கள்.

முடிவாக

ஜமுனாமரத்தூர்க் கடைக்காரர் அந்த வாரமே அட்டையைக் கழற்றினார். நோட்டைப் பார்த்து, பையன்கள் கேட்டு வரும்வரை இருக்காமல், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பணத்தைக் கொடுத்தார். கையில் இருந்தது போதவில்லை. மீதிக்கு என் பில்லில் ஒரு வாரம் தவணை கேட்டார். கொடுத்தேன். என் வாய்தானே அவருக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்தது!

பாட்டி அடுத்த வருடம் சாமையோடு வந்தார். எல்லாரும் வரவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் எதிர்க்கடையிலேயே தங்கிவிட்டார்கள். 100 ரூபாய் முன்பணத்துக்கு இரண்டு வீட்டு வியாபாரம் விலையாகப் போயிற்று.

நானும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். லைன் வண்டியில் சிட்டை எழுதும்போது, கிடங்கில் இருக்கும் சரக்கை ஒரு பக்கத்திலும், வர வேண்டிய சரக்கை மறு பக்கத்திலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மறு பக்கத்தில் தேதி போடுவதில்லை. "அடுத்த லைன்ல வந்துடுமா?" என்று கேட்டால், "தெரியாதுங்க, வந்தா போன் பண்றேன்" என்கிறார் என் டிரைவர். முதல் மாதம் இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. இப்போது நாங்கள் போன் செய்தால், விலை கேட்காமலே, "இறக்கிடுங்க" என்கிறார்கள்.

கடன் கொடுத்தால் பேரேட்டில் எழுதுகிறோம். "வந்துவிடும்" என்று நாம் சொல்லும் சொல்லும் கடன்தான். அதை வாடிக்கையாளர் தம் மனத்தில் எழுதி வைத்திருக்கிறார். வாங்கிய கடனை மறந்தாலும் கொடுத்த வாக்கை மறவாதிருப்போம்.